தாதியாகப் பணி தொடங்கும் பிள்ளைகளுக்கும் அவர்கள் பெற்றோருக்கும்

இறக்கக்கண்டியில் எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் ஒரு தாய், சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில் தம் மகளையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். கையில் நியமனக் கடிதம். மூன்று வருடத் தாதியர் பயிற்சியை முடித்துப் பரீட்சையிலும் தேறிவிட்ட அந்தப் பிள்ளைக்கு, வெளிமாவட்டத்துப் பெரிய வைத்தியசாலை ஒன்றில் முதல் நியமனம். தகப்பன் கடற்றொழிலாளி. அந்த வீட்டில் மாதச் சம்பளம் வாங்கப்போகும் முதல் ஆள் இவள்தான்.

"அக்கா, நீங்கள் எத்தனையோ வருடம் வாட்டில் நின்றனீங்கள். இவளுக்கு நாலு நல்ல புத்தி சொல்லிவிடுங்கோ. போன இடத்தில் பெரியவர்களோடு வாய் காட்டாமல், சொன்னதைச் செய்துகொண்டு, இருக்கிற இடம் தெரியாமல் இருக்கச் சொல்லுங்கோ" என்றார் தாய்.

பிள்ளை தலை குனிந்து நின்றாள். நல்ல வளர்ப்பு என்று எவரும் சொல்லக்கூடிய பிள்ளை. எனக்கோ அந்தக் குனிந்த தலையைக் கண்டதும் பயம் பிடித்தது. அன்று அந்தத் தாய்க்குச் சொன்னதையும், சொல்ல மறந்ததையும் இங்கே எழுதுகிறேன். ஏனெனில் இதே புத்தியைத்தான் நம்மில் அநேகர் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புகிறோம். வீட்டுக்கு அது பொருந்தலாம். வாட்டிலோ அதனால் நோயாளி சாகலாம்.

என் முதல் வருடம்

நான் பணி தொடங்கிய வைத்தியசாலையின் பெயர் இங்கே வேண்டாம். நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய கதை. இரவுக் கடமை. அடுத்தடுத்த கட்டில்களில் ஒரே பெயருடைய இரண்டு ஐயாமார். ஒருவருக்கு இரத்த அழுத்தம், மற்றவருக்கு மூச்சிழுப்பு. இரவு பத்து மணிக் குளிசைகளைக் கொடுத்துக்கொண்டு வந்த நான், இரத்த அழுத்தக்காரருக்குரிய புரொப்பிரனோலோல் குளிசையை மூச்சிழுப்புக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், அவர் "ஓம்" என்றார், வாங்கி விழுங்கினார். ரிக்கற்றைப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

அந்த மருந்து இதயத் துடிப்பைக் குறைப்பதோடு, மூச்சிழுப்பு உள்ளவர்களின் மூச்சுக் குழாய்களையும் இறுக்கிவிடக்கூடியது. பதினொன்றரை மணியளவில் அவருக்கு இழுப்புத் தொடங்கியது. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. டொக்டர் வந்தார். "புதிதாக ஏதும் மருந்து கொடுத்தீர்களா?" என்று கேட்டார். நான் "இல்லை" என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்காக இன்றைக்கும் நான் வெட்கப்படுகிறேன். குளிசை மாறியது கவனக் குறைவு. "இல்லை" என்றது வேறு வகை. டொக்டர் வழக்கமான மருந்தைக் கொடுத்தார், இழுப்பு இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை என்று அவர் குழம்பிக்கொண்டு நின்றபோது, காரணம் என் சட்டைப் பையில் இருந்தது போல நான் பக்கத்தில் நின்றேன். நாற்பது நிமிடம் கழித்து, வயதில் மூத்த ஒரு பெண் அற்றெண்டன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மிஸ்ஸி, என்ன செய்துபோட்டீங்கள்? போய்ச் சொல்லுங்கோ" என்று மெல்லச் சொன்னார். போய்ச் சொன்னேன். டொக்டர் ஏசவில்லை, ஏச நேரமும் இருக்கவில்லை. மருந்தை மாற்றினார், ஒட்சிசன் வைத்தார், விடியும்வரை கட்டிலருகே நின்றார். ஐயா பிழைத்துக்கொண்டார்.

காலையில் டொக்டரோடு போய் அந்த ஐயாவிடமும் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. ஆனால் வீடு போகும்வரை, யார் குளிசை கொண்டுபோனாலும் "இது எனக்குத்தானா பிள்ளை?" என்று கேட்டே வாங்கினார். அந்தக் கேள்வி எனக்குத் தண்டனையாக இருந்தது. அதைவிட நல்ல பழக்கம் ஒரு நோயாளிக்கு இருக்க முடியாது என்பதும் உண்மை. வருத்தக்காரரோடு வைத்தியசாலையில் நிற்கும் உறவினர்களுக்கும் இதைச் சொல்லி வைக்கிறேன்: தாராளமாகக் கேளுங்கள். நல்ல தாதி கோபிக்கமாட்டாள்.

பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது போதாது என்பதை அன்று படித்தேன். "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டு நோயாளியின் வாயாலே சொல்ல வைக்கவேண்டும், பிறகு ரிக்கற்றோடு ஒப்பிடவேண்டும். காது மந்தமானவரும் தூக்கக் கலக்கத்தில் இருப்பவரும் எந்தப் பெயருக்கும் "ஓம்" என்பார்கள்.

உண்மை சொன்னவருக்கும் தண்டனை உண்டு

உண்மையைச் சொன்னால் எல்லாம் சுகமாக முடியும் என்று நான் சொல்லமாட்டேன். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 2017 டிசெம்பரில் நடந்தது தாதிமார் பலருக்குத் தெரியும். மூளையில் ஏற்பட்ட இரத்தக் கசிவிலிருந்து தேறிவந்த 75 வயது அம்மையார் ஒருவருக்கு, ஸ்கான் எடுக்குமுன் பதற்றம் தணிய ஒரு மருந்து எழுதப்பட்டது. மருந்து வைக்கும் இயந்திர அலுமாரியில் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைத் தட்டிய தாதி, அதே எழுத்துகளில் தொடங்கும் வேறொரு மருந்தை எடுத்துவிட்டார். அது தசைகளை முடக்கி மூச்சை நிறுத்தும் மருந்து. அம்மையார் இறந்தார். தாதி தன் தவறை உடனே ஒப்புக்கொண்டார். ஆயினும் மரண விசாரணை அதிகாரிக்கு மருந்துத் தவறு அப்போது அறிவிக்கப்படவில்லை. அடுத்த வருடமே விடயம் வெளியே வந்தது. தாதியின் பதிவு பறிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் யூரர்கள் அவரைக் குற்றவாளி எனக் கண்டார்கள். மே மாதம் மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது, சிறைக்கு அனுப்பப்படவில்லை.

அத்தீர்ப்பின்பின், இனி யார் தவறை ஒப்புக்கொள்வார்கள் என்று பல நாட்டுத் தாதிமார் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். என் எண்ணம் இது: மறைத்திருந்தால் அவருக்கு நன்மை கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம், நோயாளிக்கு மட்டும் மறைப்பதால் ஒருபோதும் நன்மையில்லை. என் நோயாளி பிழைத்தது, நான் பிந்தியாவது வாய் திறந்ததனால்தான்.

அந்தச் சம்பவத்தில் நான் கவனித்த இன்னொன்றும் உண்டு. எழுதப்பட்ட மருந்து நீராக இருப்பது. அவர் கையில் இருந்ததோ நீர் விட்டுக் கரைக்கவேண்டிய தூள். கை ஒரு கணம் நின்றிருக்க வேண்டிய இடம் அது. எதிர்பார்த்ததும் கையில் இருப்பதும் ஒத்துவராதபோது, அவசரம் எவ்வளவு இருந்தாலும் நில்லுங்கள். "ஏதோ புதுக் கம்பனி மருந்தாக்கும்" என்று மனம் சமாதானம் சொல்லும். அந்தச் சமாதானத்தை நம்பவேண்டாம்.

கேட்கவேண்டிய இடங்கள்

சில இடங்களில் சந்தேகம் இல்லாவிட்டாலும் கேட்டே ஆகவேண்டும். இன்சுலின் அளவுக்குப் பக்கத்தில் யூனிட் என்பதற்காகச் சிலர் ஒற்றை ஆங்கில எழுத்தைக் கிறுக்குவார்கள். அது சுழியம் போலத் தெரியும். 4 யூனிட் 40 ஆகிவிடும். ஆகவே நீங்கள் எழுதும்போது முழுச் சொல்லாக எழுதுங்கள். பிறர் எழுதியது தெளிவில்லாவிட்டால் கேளுங்கள். 5.0 என்று எழுதினால் புள்ளி மங்கி 50 ஆகும்; .5 என்று எழுதினால் 5 ஆகும். பொட்டாசியம் குளோரைட்டு போத்தலை மற்ற ஊசி மருந்துகளோடு ஒரே தட்டில் வைக்கவேண்டாம். அதைச் சேலைனில் கலந்து மெதுவாக ஏற்றவேண்டும். நேரே நாளத்தில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். இரத்தம் ஏற்றுவதாயின் இரண்டு பேர் கட்டிலருகே நின்று பெயரையும் வகையையும் ஒப்பிடவேண்டும். முதல் பதினைந்து நிமிடம் அந்த இடத்தை விட்டு அசையவேண்டாம்.

எப்படிக் கேட்பது என்பதுதான் புதிய பிள்ளைகளுக்குக் கஷ்டம். இரவு இரண்டு மணிக்கு டொக்டரை எழுப்பி, "ஐயா, அந்த நோயாளிக்கு ஒரு மாதிரி இருக்குது" என்றால் அவர் எரிந்துதான் விழுவார். நீங்கள் யார், எந்தக் கட்டில், என்ன வருத்தம், என்ன மாறியது, இப்போது என்ன வேண்டும் என்ற ஒழுங்கில் சொல்லுங்கள். "டொக்டர், ஏழாம் வாட்டுத் தாதி பேசுகிறேன். 12ஆம் கட்டில், நேற்று வயிற்றில் சத்திரசிகிச்சை நடந்தவர். ஒரு மணித்தியாலத்தில் நாடி 88இலிருந்து 126க்கு ஏறிவிட்டது, கை குளிர்கிறது. வந்து பார்க்கவேண்டும்." இவ்வளவும் சொல்ல அரை நிமிடம் போதும். இந்த ஒழுங்கு அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பழகி, பிறகு வைத்தியசாலைகளுக்கு வந்தது. கடற்படையைக் கண்டு வளர்ந்த திருகோணமலைப் பிள்ளைகளுக்கு இது ஒன்றும் பாரமாக இராது! டொக்டர் வரமறுத்தால் வாட் சிஸ்டரிடம் சொல்லுங்கள். இத்தனை மணிக்கு இன்னாருக்கு அறிவித்தேன் என்று ரிக்கற்றிலும் எழுதி வையுங்கள். ஏச்சு அடுத்த நாள் மறந்துபோகும்.

காய்ச்சல் விட்ட பிள்ளை

வாய் திறக்குமுன் கண் திறக்கவேண்டும். இதற்கு டெங்குவைவிட நல்ல பாடம் நம் நாட்டில் இல்லை.

2017ஆம் ஆண்டில் இலங்கையின் டெங்கு நோயாளர் தொகை 186,000ஐத் தாண்டியது. அவ்வாண்டின் முற்பகுதியில் நம் மாவட்டத்துக் கிண்ணியா பட்ட பாட்டை நாம் மறந்திருக்க முடியாது. ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளைகள், தரையில் பாய் விரித்து இன்னும் சிலர் என்று வாட்டு நிரம்பும் அத்தகைய நாட்களில், டொக்டர் ஒவ்வொரு கட்டிலிலும் நிற்கக்கூடிய நேரம் மிகக் குறைவு. அந்தப் பிள்ளைகளை மணிக்கு மணி பார்ப்பது தாதிதான்.

டெங்குவில் பலர் ஏமாறும் இடம் காய்ச்சல் விடும் நேரம். மூன்று நான்கு நாள் கொதித்த பிள்ளைக்கு உடம்பு குளிர்கிறது. தாய்க்கு நிம்மதி. "மிஸ்ஸி, காய்ச்சல் விட்டிட்டுது, எப்ப வீட்டை விடுவினம்?" என்று கேட்பாள். ஆபத்து தொடங்குவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசியும். இது 24 முதல் 48 மணித்தியாலம்வரை நீடிக்கும். இரத்த அழுத்தத்தின் மேல் எண் அப்போதும் நன்றாகவே இருக்கலாம். கீழ் எண் மெல்ல ஏறிக்கொண்டு வரும். 100க்கு 70 இருந்தது 100க்கு 80 ஆகும். மேல் எண்ணை மட்டும் பார்ப்பவளுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் 20க்கு வந்துவிட்டதா என்று பார்ப்பவளுக்கு, பிள்ளை அதிர்ச்சி நிலைக்குப் போவது விளங்கும். நாடி விரைவாக, மெல்லியதாக ஓடும். கைகால் சில்லிடும். வயிற்று நோவு, ஓயாத சத்தி வரலாம். சிறுநீர் குறையும். பிள்ளை அமைதியற்றுப் புரளும், அல்லது மிகவும் அமைதியாகிவிடும்.

இங்கே ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லவேண்டும். இரவு மூன்று மணிக்குக் கால் உளையும்போது, இரண்டு மணிக்கு எழுதிய எண்களைப் பார்த்து மூன்று மணிக்கும் ஏறக்குறைய அதையே எழுதிவிடும் பழக்கம் அது. மூத்தவர்களும் செய்வார்கள். "எல்லோரும் செய்கிறதுதான்" என்று உங்களுக்கும் சொல்லித் தருவார்கள். அளக்காத எண்ணை எழுதாதீர்கள். நேரம் கிடைக்காமல் தவறவிட்டால் இடத்தை வெறுமையாக விடுங்கள், ஏச்சு வாங்குங்கள். வெறும் இடத்தைக் கண்டால் அடுத்து வருபவள் ஓடிப்போய் அளப்பாள். பொய் எண்ணைக் கண்டால் அவள் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள்.

மூன்று மொழி வாட்டு

நம் மாவட்டத்து வாட்டுகளில் மூவினத்தவரும் அடுத்தடுத்துக் கிடப்பார்கள். தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளை சிங்களப் பகுதிக்கு நியமனம் பெறலாம். பயிற்சிக் காலத்தில் புத்தகச் சிங்களம் கொஞ்சம் படித்திருப்பாள். நோயாளி பேசுவது புத்தகத்தில் இராது. "ரிதெனவாத?" என்றால் நோகுதா என்று அர்த்தம். "பய வென்ன எப்பா" என்றால் பயப்படவேண்டாம். இந்த இரண்டையும் முதலில் பழகுங்கள்; மற்றவை வாட்டிலேயே வரும். முறைப்பெயரில் மட்டும் கவனம் தேவை. நமக்குத் தாத்தா என்றால் பாட்டன், சிங்களவருக்குத் தகப்பன், நம் முஸ்லிம் வீடுகள் பலவற்றில் மூத்த சகோதரி. நான் ஒரு முறை முஸ்லிம் பெண்ணொருத்தியிடம் "தாத்தா வந்தாரா?" என்று கேட்டு வாட்டையே சிரிக்க வைத்திருக்கிறேன். "உம்மா", "வாப்பா" என்று கூப்பிட்டால் முகம் மலரும்.

மொழி விளங்காதபோது தலையாட்டவேண்டாம். வயோதிபர் ஒருவர் தமக்கு ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது என்று தம் மொழியில் சொல்லிக்கொண்டிருக்கக்கூடும்; நீங்கள் தலையாட்டிக்கொண்டே அந்த ஊசியைப் போடுவீர்கள். மொழி தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். அற்றெண்டனாக இருந்தாலும் பரவாயில்லை. நம் மொழியிலும் அப்படியே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்து, தமிழில் வைத்திய நூல்களையும் வெளியிட்டார். நாம் ஏன் ஒரு தமிழ்க் கிழவிக்கு ஆங்கிலத்தில் வருத்தத்தின் பெயரைச் சொல்லிவிட்டு வரவேண்டும்?

உங்கள் உடம்பு, உங்கள் வாய்

ஊசி குத்திய பின் மூடியை மறுபடி போடவேண்டாம். நேரே கூர்ப்பொருள் பெட்டியில் போடுங்கள். பாவித்த ஊசி கையில் குத்தினால் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, அன்றே அறிவியுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கவேண்டும். முந்த முந்த நல்லது. வெட்கத்தில் மறைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஈரல் அழற்சி 'பி' தடுப்பூசி மூன்று தடவையும் போட்டு முடிந்ததா என்று, பணி ஏற்குமுன்னரே பாருங்கள். இலங்கைத் தாதியர் சபை 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. பதிவுச் சான்றிதழின் பிரதி ஒன்றை வீட்டிலும் வைத்துவிட்டுப் போங்கள்.

வாட்டில் பேசச் சொன்ன நான், ஊரில் பேசவேண்டாம் என்கிறேன். விடுமுறையில் வந்தால் ஒழுங்கை முழுவதும் கேட்கும்: "இன்னாரின் மகள் உங்கட ஆசுபத்திரியில் கிடந்தவளாமே, என்ன வருத்தம்?" கேட்பவர் சொந்த மாமியாக இருப்பார். தெரியாது என்று பொய் சொல்லத் தேவையில்லை. "அதைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை, மாமி" என்றால் முதல் முறை கோபிப்பார். பிறகு தம் வருத்தத்தை உங்களிடம் நம்பிச் சொல்ல வருவார்.

பெற்றோருக்கு

இரவுக் கடமை முடித்து வரும் பிள்ளை பன்னிரண்டு மணித்தியாலம் நின்றவள். அவள் பகலில் நித்திரை கொள்வதைச் சோம்பல் என்று அயலவர் சொன்னால், நீங்கள் மறுமொழி சொல்லுங்கள். வானொலியைக் குறையுங்கள், சம்பந்தம் பேச வருபவர்களை மாலைக்கு வரச் சொல்லுங்கள். முதல் சம்பளத்திலேயே வீட்டுக் கூரையையும் தம்பியின் படிப்பையும் ஏற்றிவைத்தால், அவள் மேலதிக நேரக் கடமையாக ஏற்றுக்கொண்டே போவாள். களைத்த கைதான் குளிசையை மாற்றும். ஆறு மாதம் அவளை அவள் காலில் நிற்க விடுங்கள். 2022இன் பொருளாதார நெருக்கடியின்பின் வெளிநாடு போன தாதிமார் அநேகர். உங்கள் மகளும் போகலாம், தவறில்லை. ஆனால் இங்கே இரண்டு மூன்று வருடம் ஒழுங்காக வேலை பழகிவிட்டுப் போகட்டும்.

நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் அவள் வராமல் போகலாம். ஞாயிறு திருப்பலி தவறியது என்று மனம் வருந்தும் பிள்ளைகளும் உண்டு. நோயாளரைப் பராமரிக்கும் கடமை அதற்குத் தக்க காரணம் என்பது திருச்சபையின் போதனை. சந்தேகமிருந்தால் பங்குத் தந்தையிடம் கேளுங்கள். கடமைப் பட்டியல் வரும்போதே, எந்த நேரத் திருப்பலிக்குப் போகலாம் என்று பார்த்து வைக்கலாம்.

முக்கியமானது, அவள் அழுதுகொண்டு தொலைபேசி எடுக்கும் நாள். அந்த நாள் கட்டாயம் வரும். அநேகமாக முதல் மூன்று மாதத்துக்குள் வரும். அப்போது, "பொறுத்துக்கொள் பிள்ளை, ஒருத்தருக்கும் ஒன்றும் சொல்லாதே, வேலை போய்விடும்" என்று சொல்லாதீர்கள். என்ன நடந்தது என்று முதலில் கேளுங்கள். ஏச்சு வாங்கினாள் என்றால் ஆறுதல் சொல்லுங்கள். தவறு செய்துவிட்டாள் என்றால், "சிஸ்டரிடம் சொல்லிவிட்டாயா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் தொலைபேசியை வைக்கச் சொல்லி, போய்ச் சொல்லிவிட்டுத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். அன்றிரவு எனக்கு அந்த அற்றெண்டன் செய்த உதவியை, எங்கோ இருக்கும் உங்கள் மகளுக்கு நீங்கள்தான் செய்யவேண்டியிருக்கும்.

இவ்வளவையும் கேட்டபின் அந்தத் தாய் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்ப வாய் காட்டலாம் எண்டு சொல்லுறீங்கள்" என்றார். மகள் முதல் முறையாகத் தலை நிமிர்ந்து சிரித்தாள். "அன்ரி, டொக்டர் ஏசினால் அழுகை வந்திடும், என்ன செய்யிறது?" என்று கேட்டாள். அழுதுகொண்டே சொல்லு, எண்களை மட்டும் பிழையாகச் சொல்லாதே என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை, 2009இல் திறந்த எங்கள் பாலத்தைக் கடந்து திருகோணமலை போகும் காலை பஸ்ஸில் அவள் புறப்பட்டாள். செக்கன் முள் உள்ள கைக்கடிகாரம் ஒன்று, சட்டைப் பையில் அடங்கும் குறிப்புப் புத்தகம், கறுப்புப் பேனா இரண்டு, நாள் முழுக்க நிற்கக்கூடிய மெத்தென்ற சப்பாத்து ஆகியவற்றை வாங்கிக் கொடுக்கும்படி தகப்பனிடம் சொல்லியிருந்தேன். சப்பாத்து மட்டும் அரை அளவு சிறிதாகிவிட்டது. திருகோணமலையில் இறங்கி மாற்றிக்கொண்டு போனதாகத் தாய் சொன்னார்.